தானாகவே நின்றவர்

எழுத்து நன்றாக ஏறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "உங்களுக்கு எழுத்து ஏறாது" என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். வகுப்பிலிருந்த எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

இதுதான் விஷயம். இனி எழுதப்போவதெல்லாம் இது எப்படி நடந்தது என்பது மட்டுமே. நான் சாக்குச் சொல்வதாக நீங்கள் நினைத்தால் அதையும் மறுக்க மாட்டேன்...

பூண்டுலோயாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். நானும் அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள்தான். உயர்தர வகுப்பு வரை படித்தவள் என்பதால் என்னைப் பிடித்து ஆசிரியை ஆக்கினார்கள். பகலில் கொழுந்துக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராதான் மாலையில் எங்கள் பள்ளிக்கூடம். சுவரெல்லாம் அன்னாசிப் படமும் யானைப் படமும். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் மூக்கில் இடிக்க உட்கார்ந்து, பெரியவர்கள் "ட", "ப", "ம" என்று எழுதுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும்.

அவர்களில் ஒருவர்தான் சிவகாமி அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. புருஷன் இல்லை. ஒரே மகள் ரேணுகா, வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலைக்காரியாக இருந்தாள்.

பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்ததும், இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேரே வகுப்புக்கு வந்துவிடுவார். சாயம் ஏறிக் கறுத்த விரல்களால் சோக்குக்கட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், விட்டால் ஓடிவிடும் என்பதுபோல.

அவர் எதற்காகப் படிக்க வந்தார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என் குற்றத்தின் பெரிய பாதி.

ரேணுகா வேலை செய்த வீட்டில் போன் பேச விடமாட்டார்கள். மாதத்தில் ஒருமுறை பேச விட்டாலும் வீட்டுக்காரி பக்கத்திலேயே நிற்பாள். குரல் பதிந்து அனுப்பினாலும் சுவருக்குக் காது உண்டு. ஆகவே குளியலறைக்குள் போய்ச் சத்தமில்லாமல் தட்டச்சுச் செய்து அனுப்புவாள். சிவகாமி அக்கா தன் போனை முந்தானையில் முடிந்து என்னிடம் கொண்டுவருவார்.

"என்னா எழுதியிருக்கான்னு கொஞ்சம் பாருங்க டீச்சர்."

நான் வாசிப்பேன். அவர் சொல்லும் பதிலை நானே எழுதி அனுப்புவேன். இப்படித்தான் தாயும் மகளும் பேசிக்கொண்டார்கள், நடுவில் என்னை வைத்துக்கொண்டு.

ஒருநாள் ரேணுகா இப்படி எழுதியிருந்தாள்: "அம்மா, வகுப்புக்குப் போறியாமே, சந்தோசம். நீயே வாசிக்கப் பழகினதும் ஒரு விசயம் சொல்லணும். அது அடுத்தவங்க வாசிச்சுச் சொல்ற விசயம் இல்ல. சீக்கிரம் பழகு அம்மா."

நான்தான் அதை வாசித்துக் காட்டினேன். அந்த "அடுத்தவங்க" நான்தான். சுருக்கென்று இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சிவகாமி அக்காவின் முகம் மாறிவிட்டது. "என்னாவா இருக்கும் டீச்சர்?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு போனின் மேல் விரலை வைத்து, "இது அம்மாதானே?" என்றார். எந்தச் செய்தியும் "அம்மா" என்றுதான் தொடங்கும். அவர் முதன்முதலில் கற்றுக்கொண்டதும் அந்தச் சொல்லைத்தான்.

அன்றிலிருந்து அவர் படித்த படிப்பைப் பார்த்திருக்க வேண்டும்! மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே வாய்க்குள் எழுத்துகளைச் சொல்லிக்கொள்வாராம். பக்கத்து நிரைப் பெண்கள் பேய் பிடித்துவிட்டது என்று கேலி பண்ணினார்களாம். கொம்பும் காலும் கொஞ்சம் குழம்பின, உண்மைதான். யாருக்குத்தான் குழம்பவில்லை? இன்னும் ஐந்தாறு மாதம் விட்டிருந்தால் மகளின் செய்தியைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்திருப்பார். எனக்குத் தெரியும். ஆசிரியைக்கு இது தெரியாமல் இருக்குமா?

அந்த நேரத்தில்தான் புதிய சட்டம் வந்தது.

நாட்டில் வேலைக்கு ஆட்களைத் தயார்படுத்துவது பற்றிய சட்டம். அதுவரைக்கும் எழுத்தறிவு வகுப்பு என்றால் எழுத்தறிவு, அவ்வளவுதான். யார் எதற்காகப் படிக்கிறார் என்று எவரும் கேட்டதில்லை. இனி எங்கள் வகுப்பு தொழிற்பயிற்சிக்கு முதற்படி என்றார்கள். பெயர் பதிந்தவர்களில் பெரும்பகுதியினர் எழுத்துப் பழகி, அடுத்துத் தையலுக்கோ ஹோட்டல் வேலைக்கோ பயிற்சிக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள். பயிற்சியிலோ நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுப்பதில்லை.

சட்டத்தைத் திட்ட நான் வரவில்லை. எங்கள் வகுப்பு இளசுகளுக்கு அதனால் நல்லது நடந்தது. ஒருத்தி இன்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள், இன்னொருத்தி ஹட்டனில் சொந்தமாகத் தைக்கிறாள். ஆனால் மகளின் செய்தியை வாசிப்பதற்காக மட்டும் எழுத்துப் படிக்கும் ஒரு தாய்க்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர் பெயர் வகுப்பில் இருக்க இருக்க, எங்கள் கணக்கில் அது தேறாத பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. படிக்க வருகிறவர்களை வயதைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாதாம்!

வகுப்பைப் பார்வையிட வந்த உத்தியோகத்தர் அதை எனக்கு விளக்கினார். கெட்ட மனிதர் இல்லை. மழையில் நனைந்து, சப்பாத்துக்குள் அட்டை ஏறி, பாவம், மலையேறி வந்திருந்தார்.

"யாரையும் வேணாம்னு சொல்ல ஏலாது டீச்சர். ஆனா அவங்களா நின்னுட்டாங்கன்னா, அதுக்கு நாம என்னா செய்றது? வெளங்குதுதானே?"

"வெளங்குது சேர்."

"இந்த வகுப்பு நின்னா உங்க நிரந்தர நியமனமும் கஷ்டம். அதையும் யோசிச்சுக்குங்க."

யோசித்தேன்.

வகுப்பு மூடினால் இளசுகள் கெட்டுப்போவார்கள், ஒருவருக்காகப் பத்துப் பேரைப் பலிகொடுக்கலாமா என்று யோசித்ததாகவே பலகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என் தலைக்குள் இளசுகள் யாருமில்லை. நியமனம்தான் இருந்தது. லயத்தில் பிறந்த பெண்ணுக்கு ஒரு நிரந்தர உத்தியோகம்... அது என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் எங்கள் பக்கம் வந்து யாரையாவது கேட்டுப்பாருங்கள்.

வயது போன மற்றவர்கள், "பரீட்சை வருது" என்றதுமே தாமாகக் கழன்றுகொண்டார்கள். சிவகாமி அக்கா மட்டும் அசையவில்லை. "பரீட்சைன்னா எழுதிட்டுப் போவோம்" என்றார்.

அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அக்கா, சட்டம் இப்படி வந்திருக்கு, உங்க பேரை எடுத்துடுறேன், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, தனியாச் சொல்லித்தர்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கும் நேரம்.

ஏன் சொல்லவில்லை? "வயசக் காட்டி வெரட்டுறாங்க" என்று அவர் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரிடம் போய்விட்டால்? விஷயம் மேலே போய் என் பெயர் அடிபட்டால்? அப்படியெல்லாம் பயந்தேன். இன்னொன்றும் உண்டு. அந்த "அடுத்தவங்க" என்ற சொல் எனக்குள் எங்கோ முள்ளாக நின்றதோ...? தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

மறுவாரம் ஒரு பரீட்சை வைத்தேன். எல்லோரையும் ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டேன். இளசுகளுக்குப் படித்த சொற்களையே எழுதிக்கொடுத்தேன். பட்டம், மரம், பாடம்... கடகடவென்று வாசித்தார்கள். கடைசியாகச் சிவகாமி அக்கா எழுந்து வந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படம் எடுக்க நிற்பவர்போல நேராக நின்றார்.

நான் பலகையை அழித்துவிட்டு எழுதினேன்: விஞ்ஞானம். ஔடதம். கிருஷ்ணபட்சம்.

அந்த எழுத்துகளில் பாதியை நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே இல்லை.

அவர் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். விரலை வைத்து "வி" என்றார். அடுத்ததில் விரல் நின்றுவிட்டது. வேறு சொல்லுக்குத் தாவினார். "ட" என்றார், "த" என்றார், "ம்" என்றார். அதெல்லாம் சரி! தெரிந்த ஒவ்வோர் எழுத்தையும் தேடித்தேடிப் பொறுக்கினார். இந்த எழுத்துகள் படிக்காதவை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீச்சரை யார் கேட்பது?

"அக்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றேன். "உங்களுக்கு எழுத்து ஏறாதுங்க. சில பேருக்கு அப்படித்தான். நானும் எவ்வளவோ பார்த்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"அப்ப எனக்கு அரைப்பேருங்களா டீச்சர்?" என்று சிரித்தார்.

தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். அதை அரைப்பேர் என்போம். தராசு பார்த்துக் கணக்கப்பிள்ளை அரைப்பேர் என்றால் அரைப்பேர்தான். எங்கள் பெண்கள் தராசோடு சண்டை போட மாட்டார்கள். மழையில் நனைந்த சாக்குக்குக் கூடுதலாகக் கழித்தாலும் முணுமுணுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாளைக்குப் பறிக்க நல்ல மலை கொடுப்பதும் அதே ஆள்தானே! என் அம்மா அப்படிப் போவதைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் சிவகாமி அக்காவும் வாதாடாமல் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று வகுப்பில் தராசு யார் கையில் இருந்தது என்றுதான் சொல்லிவிட்டேனே.

"ஆமாங்க அக்கா" என்றேன்.

சோக்கைத் திருப்பித் தந்தார். பாதிச் சோக்கு. "வேற யாருக்காச்சும் ஒதவும்" என்றார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. தானாகவே நின்றுவிட்டார் என்று உத்தியோகத்தரிடம் சொன்னேன். அது பொய்கூட இல்லை!

வகுப்பு தப்பியது. என் நியமனமும் வந்தது. இப்போது தலவாக்கலையில் ஒரு பயிற்சி நிலையத்தில் இருக்கிறேன். எனக்கு மேசை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. அந்தக் குளிரில் மின்விசிறி எதற்கு என்று கேட்காதீர்கள், கொடுத்தார்கள்.

பரீட்சை வைத்த அந்த வாரமே சிவகாமி அக்கா போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். வேறு யாரிடம் போவார்? ரேணுகா கேட்டிருந்தாள்: "அம்மா, எவ்வளவு பழகிட்ட? நீயே வாசிக்கிறியா?"

"எழுதுங்க டீச்சர்" என்றார். "அம்மாவுக்கு எழுத்து ஏறலையாம், டீச்சரே பார்த்துச் சொல்லிட்டாங்க, டீச்சர் பாவம் ரொம்பப் பாடுபட்டாங்கன்னு எழுதுங்க."

எழுதினேன். "அம்மாவுக்கு எழுத்து ஏறவில்லை" என்று மட்டும் எழுதினேன். டீச்சரை விட்டுவிட்டேன்.

பதில் மறுநாள்தான் வந்தது. "சரி அம்மா. பரவாயில்ல. நான் நல்லா இருக்கேன்."

அதற்குப் பிறகு வந்த செய்தியெல்லாம் இதே செய்திதான். "அம்மா, நல்லா இருக்கேன்." ஒப்பந்தம் முடிந்தும் அவள் வரவில்லை. நீட்டித்திருக்கிறார்களாம். யார் நீட்டினார்கள், அவள் சம்மதித்தாளா, தெரியாது. பயந்துபோய் ஒருமுறை நானே எழுதினேன். "ரேணுகா, நான் டீச்சர். என்ன பிரச்சினை என்றாலும் எனக்குச் சொல்." "ஒன்னும் இல்ல டீச்சர்" என்று பதில் வந்தது. வேறென்ன வரும்? அடுத்தவளிடம் சொல்லாத விஷயம் என்று அவள்தான் முதலிலேயே சொல்லிவிட்டாளே.

சிவகாமி அக்காவிடம், "வாங்க, மறுபடி ஆரம்பிப்போம், நான் சொல்லித்தர்றேன்" என்று கேட்டுப்பார்த்தேன். ஒரு தரமல்ல, பல தரம். கையை ஆட்டிவிடுவார். "ஏறாததுக்கு எதுக்குங்க உங்களுக்கும் கஷ்டம்?" அன்று பலகையில் எழுதியவை நான் சொல்லித்தராத எழுத்துகள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம் வருகிறது. அவரிடம் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையும் தலவாக்கலைக்கு வந்தார். நாங்கள் கடைத்தெருவில் நின்றோம். போனை நீட்டினார். வாசித்தேன்.

"நல்லா இருக்காளாம் அக்கா."

"வேற ஒன்னும் இல்லீங்களா?"

"இல்லீங்க."

போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். பிறகு முதல் சொல்லின் மேல் விரலை வைத்தார்.

"இது அம்மாதானுங்களே டீச்சர்? பாருங்க, இது மட்டும் எனக்கு மறக்கவே இல்ல. இவ்வளவுதான் எனக்கு ஏறுனது."

"ஆமாங்க அக்கா" என்றேன்.

அன்றைக்குச் சொன்ன அதே பதில். போனை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குப் போனார். பஸ் முகப்பில் ஊர்ப்பெயர் பெரிதாக எழுதியிருந்தது. அவர் பக்கத்தில் நின்றவரிடம், "இது எந்தப் பக்கம் போகுதுங்க?" என்று கேட்டு ஏறினார்.