முனியாண்டி வெளியே வந்த ஞாயிறு

என் தம்பிக்கு மூன்று வயது முடியும்வரை எங்கள் பிளாட்டில் பாதிப் பேர் அவனை என் தங்கச்சி என்றே நினைத்திருந்தார்கள். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், நல்ல நாளென்றால் நெற்றியில் பொட்டு வேறு. மின்தூக்கியில் ஏறும் சீன ஆன்டி அவன் கன்னத்தைக் கிள்ளி, பெண்குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி "அமோய், அமோய்" என்று கொஞ்சுவார். கீழ்மாடிப் பையன்கள், "டேய் பொம்பளப்புள்ள, பாவாடை எங்கடா?" என்று கத்துவார்கள். அவனுக்கு அது கேலி என்று தெரியாது. "வீட்ல இருக்கு" என்று நின்று பதில் சொல்லிவிட்டு வருவான்.

முடியில் கத்தரி படக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. எங்கள் குடும்பத்தில் முதல் முடி முனியாண்டிக்கு. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, சாமி முன்னால் இறக்க வேண்டும். எனக்கும் அப்படித்தான் செய்தார்களாம். அந்த முனியாண்டி, கிள்ளான் பக்கம் நாங்கள் முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில் ஒரு பெரிய மழைமரத்தடியில் நின்றவர். ஒரு சூலம், அவ்வளவுதான். கூரையும் இல்லை, பூசாரியும் இல்லை.

நான் நடை பழகிய சமயத்தில் தோட்டம் விலைபோனது. நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள். எங்களுக்குப் பூச்சோங்கில், மலிவுவிலை பிளாட்டில் ஒன்பதாவது மாடி கிடைத்தது. தம்பி பிறப்பதற்குச் சில மாதம் முன்பு அப்பா வேலை தேடி ஜொகூர் போனார். தம்பி பிறந்தபோது ஒருமுறை வந்தார். அதற்குப் பிறகு ஜொகூரில் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டார்கள். தோட்டத்தில் குன்றின் மேலிருந்த துரை பங்களாவை மட்டும் யாரும் இடிக்கவில்லை. அதற்குச் சாயம் பூசி, முனியாண்டியின் மழைமரத்தையும் சேர்த்துச் சுற்றி வேலி போட்டு, வாசலில் காவலுக்கு ஒரு நேப்பாளி ஜாகாவை நிறுத்தினார்கள். எங்கள் வீடு பழையது என்று இடித்தவர்கள், பங்களா பழையது என்று காப்பாற்றினார்கள்.

தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். மூடியிருக்கிறது என்று சொல்லி ஜாகா ஒவ்வொரு தடவையும் திருப்பி அனுப்பினார். தம்பிக்கு மூன்று வயது முடிந்த வருடக் கடைசியில் தாடிக்கா எனும் பாலர்பள்ளியின் டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: பள்ளி திறக்கும்போது பையன் பையனாக வர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்கு. அம்மா பேரங்காடியில் தரை துடைக்கும் வேலை பார்த்தாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காவான நான்தான் பள்ளிக்கு மட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் தாடிக்காவில் சேர்ந்தால்தான் நான் பள்ளிக்கு ஒழுங்காகப் போக முடியும். எனக்கு ஒன்பது வயது. எனக்கும் அதில் பெரிய அவசரம் இருக்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒரு டவுக்கே முதலாளியிடம் லோரி ஓட்டினார். ஒரு சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து வாசலில் நின்றார்.

"அக்கா, துரை பங்களாவ தொறக்கிறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஓப்பன் டே. டிக்கெட் கெடையாது. கூடாரம் நம்ம லோரிலதான் போகுது."

"நம்மள விடுவானா?"

"பொதுமக்களுக்குனு போட்டிருக்கான். நாம என்ன, தனிமக்களா?"

ஞாயிறு காலை லோரியின் முன்னால் நாங்கள் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஐந்தாவது ஆள் கிள்ளான் சலூன்கார அண்ணன். ஊரிலிருந்து கடல் கடந்து வேலை பர்மிட்டில் வந்திருந்தவர். துண்டில் சுற்றிய கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் குனிந்துகொண்டார். "அண்ணே, பிரச்சனை ஒண்ணும் வராதுல்ல? கடையில ஆள் காத்திட்டிருப்பாங்கண்ணே" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவின் பையில் தேங்காய், கற்பூரம், சந்தனம், சுருட்டு. சேவல் வேண்டும் என்றார் மாமா. கூவினால் மாட்டிக்கொள்வோம் என்று அம்மா எலுமிச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டாள். ஜாகா நாற்காலிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார்.

உள்ளே ஒரே திருவிழா. புல்வெளியில் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டும் போட்டி, ஒரு பக்கம் தே தாரேக் தேநீர் ஆற்றும் கடை, இன்னொரு பக்கம் ரப்பர் மரம் சீவிக் காட்டும் ஏற்பாடு. அதற்கென்று ஒரே ஒரு ரப்பர் மரத்தை விட்டுவைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் கையில் மைக்கோடு ஒரு மேடம், அங்குமிங்கும் ஓடி அறிவித்துக்கொண்டிருந்தார். அம்மா எதையும் பார்க்கவில்லை. நேராக மழைமரத்துக்குப் போனாள். அங்கே ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. மரத்தில் ஓர் எண்பலகை அடித்திருந்தது. சூலம் இல்லை.

அம்மா மரத்தைச் சுற்றினாள். கும்பிட்டுக்கொண்டு அல்ல, குனிந்து தேடிக்கொண்டு. புல்லைக் காலால் விலக்கிப் பார்த்தாள். மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. சலூன்கார அண்ணன், "வேற கோயில்ல வெச்சுக்கலாமேக்கா" என்று சொல்லி, அம்மாவின் முகத்தைப் பார்த்து அடங்கினார்.

எனக்கு ஓர் இடத்தில் நிற்க வராது; இன்றும் வராது. அவர்கள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பங்களாவுக்குள் ஒவ்வோர் அறையாக நுழைந்து வெளியேறிக்கொண்டிருந்தேன். துரையின் கட்டில், துரையின் குளியல் தொட்டி, துரையின் நாய் படம். கடைசி அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ரப்பர் பால் வாளி, பால் பிடிக்கும் மங்கு, மரம் சீவுகிற கத்தி, ஒரு சாக்கு, அவற்றுக்குப் பின்னால் ஒரு சூலம். ஓடிப்போய்ச் சொன்னேன்.

அம்மா அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சூலத்தின் நடுமுனை கொஞ்சம் வளைந்திருந்தது. எந்தக் காலத்திலோ கிளை விழுந்து வளைந்ததாம். அதை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மாமாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "என்னடா, சாமியப் படுக்க வெச்சிருக்காங்க."

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அம்மாவின் செருப்பைப் பார்த்தார்கள். இந்த அறைக்கு அப்படியொரு விதி போலிருக்கிறது என்று தாங்களும் கழற்றினார்கள். ஒரு வெள்ளைக்காரர் கதவைப் பிடித்தபடி குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தார். பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து கழற்றிப் போட்டார்கள். சற்று நேரத்தில் துரை பங்களாவின் தாழ்வாரம் முழுக்கச் செருப்பு. எல்லோரும் வெறுங்காலோடு, சத்தம் போடாமல், பால் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மைக் மேடம் வந்துவிட்டார். தமிழ்தான், ஆனால் அவசரத்தில் ஆங்கிலம் முந்திக்கொண்டது.

"ஹலோ, வாட் இஸ் திஸ்? யார் ஷூஸ் கழட்டச் சொன்னது?"

"நீங்க சொன்னதுனு நெனச்சோம்" என்றார் கூட்டத்தில் ஓர் அங்கிள்.

அம்மா தம்பியைக் காட்டினாள். "மேடம், இவனுக்கு மொட்டை போடணும். இந்தச் சாமி முன்னாடிதான் போடணும்."

"இங்கயா? ஆன்டி, நோ நோ, ஏர்கான் ரூம் லா இது."

சலூன்கார அண்ணனும் பயத்தை விட்டு வாய் திறந்தார். "ஆமாக்கா, இந்தக் காத்துல முடியெல்லாம் பறக்கும்."

மாமாவுக்குப் போன பேச்சு அப்போது திரும்பி வந்தது. "மேடம், நாங்கதான் அடுத்த ப்ரோக்ராம்."

"டான்ஸ் க்ரூப்பா? ஜாம்ல மாட்டியிருக்கோம்னு இப்பதானே மெசேஜ் பண்ணாங்க?"

"அவங்க வர்றவரைக்கும் நாங்க. பழைய தோட்டத்து கல்ச்சர், மேடம். மரத்தடியில. லைவ்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் இரட்டைச் சடையைப் பார்த்தார். அவருக்கும் வேறு வழி இல்லை, வெளியே கூடாரம் நிறையச் சனம். "ஓகே, குட் ஐடியா. மரத்தடியில செய்யுங்க."

"சாமி வரணும்" என்றாள் அம்மா.

"ப்ராப்ஸ், மேடம்" என்று மாமா மொழிபெயர்த்தார். "அந்த இரும்பு இல்லாம ஷோ நடக்காது."

மேடம் கழுத்திலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தார். வெறுங்கையால் தொடக்கூடாது என்று வெள்ளைத் துணிக் கையுறை கொடுத்தார். அம்மா அதை மாட்டிக்கொண்டு, பேரங்காடியில் கழிவறை கழுவ மாட்டும் கையுறையைவிட அது சின்னதாக இருக்கிறதே என்று விரலை இழுத்துவிட்டுக்கொண்டு, முனியாண்டியை இரண்டு கையாலும் தூக்கினாள். மரத்தடிக்கு வந்ததும் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு மண்ணைத் தோண்டினாள். "ஆன்டி, மண்ணு படக்கூடாது!" என்று மேடம் ஓடி வருவதற்குள் சூலம் நட்டமாக நின்றுவிட்டது. முந்தைய நாள் மழையில் மண் இளகியிருந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மாமா பெஞ்சில் உட்கார, தம்பி அவர் மடியில் வீறிட்டான். சலூன்கார அண்ணன் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். கூட்டம் வட்டமாகக் கூடிக் கைப்பேசிகளைத் தூக்கியது. அம்மா சுருட்டைப் பற்றவைத்துச் சூலத்தடியில் வைத்தாள். "லேடீஸ் அண்ட் ஜெண்டில்மென், இங்க நோ ஸ்மோக்கிங், பட் திஸ் இஸ் ஃபார் த காட்" என்று மைக்கில் மேடம் சமாளித்தார். சந்தனம் பூசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். மொட்டைக்குக் கைதட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அவனும் தட்டினான்.

வந்த காரியம் முடிந்தது. சலூன்கார அண்ணன் கத்தியைத் துடைத்தார். மேடம் கையுறையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். "சூப்பர், ஆன்டி. இத உள்ள வெச்சுடலாம்."

அம்மா சூலத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விடவில்லை.

"மத்தியானம் இன்னும் ரெண்டு பஸ் வருது" என்று மேடம் தன்பாட்டில் சொன்னார். "அவங்க இத மிஸ் பண்ணிட்டாங்க, பாவம்."

"மத்தியானமும் செஞ்சா, அதுவரைக்கும் சாமி வெளியவே நிக்குமா?" என்று அம்மா கேட்டாள்.

"நிக்கட்டுமே. ப்ராப்ஸ் தானே. பட், பையனுக்குத்தான் முடி இல்லயே?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் முடி இடுப்புவரை இருந்தது. பள்ளியின் பரிசளிப்பு விழா நடனத்தில் டீச்சர் என்னைச் சேர்த்ததே அந்தச் சடைக்காகத்தான். என் படிப்புக்காக யாரும் என்னை எதிலும் சேர்த்ததில்லை. ஓடினேன். ரப்பர் மரத்தைச் சுற்றி, தே தாரேக் கடைக்குப் பின்னால், வேலிவரை ஓடினேன். மாமா வந்து பிடித்தார். "எனக்குத்தான் ஏற்கெனவே போட்டாச்சே! நான் என்ன பாப்பாவா?" என்று கத்தினேன். அம்மா அதட்டவில்லை. என் பின்னலை அவளே அவிழ்த்தாள், அவசரமில்லாமல், காலையில் பின்னிய அதே விரல்களால்.

ஒன்பது வயதில், கால் தரையில் இழுபட, மாமா மடியில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் சனமும் கைதட்டியது. மேடம் எனக்கு ஒரு டீசட்டையும் எல்லோருக்கும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் கொடுத்தார். அந்தப் பொட்டலத்துக்காகத்தான் அம்மா என் முடியைக் கொடுத்தாள் என்று முடிவுகட்டினேன். பல வருடம் அப்படியே நம்பினேன். அன்று அதைச் சாப்பிடவும் மாட்டேன் என்றேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

ஆனால் அம்மா சாப்பிடவில்லை. மத்தியானம் முழுக்கச் சூலத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காற்றடித்தது, மழைமரத்து இலை உதிர்ந்தது, ஒரு பொடி மழை வந்து போனது. சூலம் நனைந்தது. அவளும் நனைந்தாள், எழுந்திருக்கவில்லை.

நாற்காலிகளை ஏற்றும்போது மாமா கிசுகிசுத்தார். "அக்கா, நாக்காலிக்கு அடியில தூக்கிப் போட்டுடவா? ஒருத்தனுக்கும் தெரியாது."

"போட்டு?"

"வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம்."

"மண்ணுல நிக்கிற சாமிடா. ஒம்பதாவது மாடியில மண்ணுக்கு எங்க போவ?"

"பூச்சட்டில நடலாம்."

"முனியாண்டியப் பூச்சட்டிலயா?" அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான். பிறகு சூலத்தைத் தானே பிடுங்கி, மண்ணை முந்தானையால் துடைத்து, மேடத்திடம் கொடுத்தாள். "படுக்க வெக்காதீங்க. நிறுத்தி வைங்க" என்றாள். மேடம் "ஷ்யூர், ஷ்யூர்" என்றார். நல்லவர்தான். நிறுத்தி வைத்தாரா என்று தெரியாது; நாங்கள் மறுபடி போகவில்லை.

நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். செலாயாங் சந்தை, ஷா ஆலம் தொழிற்சாலை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை என்று மாறிக்கொண்டே இருக்கிறேன். வாடகைக்கு எடுத்த அறைகள் எல்லாமே மாடியில்தான் அமைந்தன. புது அறைக்குப் போனால் முதலில் சன்னல் வழியாகக் கீழே தரையைப் பார்க்கிற பழக்கம் ஒன்று எனக்கு இருக்கிறது.

அன்று திரும்பும்போது தம்பி சலூன்கார அண்ணன் மடியில் தூங்கிவிட்டான். நான் அம்மாவோடு பேசவில்லை. அவள் என் மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்தாள். நான் தட்டிவிட்டேன். மறுபடி வைத்தாள். விரல் நகத்தில் அந்த மரத்தடி மண் இருந்தது. கத்தி எங்காவது கீறியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"காயம் ஒண்ணும் இல்லம்மா, கைய எடு" என்றேன்.

பூச்சோங் வரும்வரை அவள் எடுக்கவில்லை.