தேயாத நீலப் பென்சில்

சூப்பிரண்டு சாரின் மேசை இழுப்பறையைத் திறந்தால் நீலப் பென்சில் துண்டுகள்தான் கிடக்கும். அந்தக் காலத்து ஆபீஸ் பென்சில் ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். வைத்துக்கொள்ள வேண்டிய ஃபைலுக்குச் சிவப்பில் குறிப்பு, அழிக்க வேண்டியதற்கு நீலத்தில். எங்கள் சாருக்குச் சிவப்பு மட்டும் மளமளவென்று தேயும். அது தீர்ந்ததும் நீலப் பாதியை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் புதுப் பென்சிலுக்குச் சீட்டு எழுதுவார். "ஏனுங்க அம்மிணி, உங்க சாரு பென்சிலத் திங்கறாருங்களா?" என்று ஸ்டோர்க்காரர் என்னிடம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

நான் மீனாட்சிபுரத்துக்காரி, எல்லையில் மலையாளப் பக்கத்து ஊர். எழுபதுகளின் நடுவில் தாலுகா ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ். இரண்டும் எழுதப் படிக்கத் தெரியும் என்று பெருமையாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதற்குத் தண்டனையாக ரிக்கார்டு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அறைக்குச் சூப்பிரண்டு சார்தான் ராஜா. கோட்டயம் பக்கத்துக்காரர். என்னை "கொச்சே" என்று கூப்பிடுவார், அவர் ஊரில் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தமிழ் பேசினால் புரிந்துகொள்வார், எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது.

அரசாங்கம் எதை வைத்துக்கொள்ளும், எதை எரிக்கும் என்பது பெரிய ரகசியமெல்லாம் இல்லை. ஒரு ஃபைல் முடிந்ததும் அதற்கு ஆயுள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். சிலதுக்கு ஒரு வருஷம், சிலதுக்கு மூன்று, சிலதுக்குப் பத்து, சிலதுக்கு என்றைக்கும். நில உரிமை என்றால் என்றைக்கும். மாடு மேய்ந்த தகராறு என்றால் ஒரே வருஷம். எது எந்த ரகம் என்று தெரிய ஃபைலைப் படித்தாக வேண்டும், அங்கேதான் எங்கள் தாலுகாவுக்குச் சிக்கல். கொல்லங்கோட்டிலிருந்து எல்லை வரைக்கும் பாதி ஜனம் மனுவைத் தமிழில்தான் எழுதும். மனு வந்த அன்றைக்குத் தமிழ் தெரிந்த யாராவது விஷயத்தை வாயால் சொல்லிவிடுவார்கள், விசாரணையும் நடந்துவிடும். ஆயுள் குறிக்கிற நேரத்தில் அந்த ஆள் மாற்றலாகிப் போயிருப்பார். நாற்காலியில் இருந்த தெற்கத்தி அதிகாரிகள் எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தார்கள். படிக்கத் தெரியாததை எரித்துவிட்டு, உள்ளே ஒருவனுடைய சொத்தே இருந்தது என்று நாளைக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே! அதனால் தமிழ் மனு ஒவ்வொன்றிலும் "என்றைக்கும்" என்று சிவப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

விளைவைக் கேட்டால் சிரிப்பீர்கள். மலையாளத்தில் எழுதிய உருப்படியான கணக்கெல்லாம் காலம் முடிந்து பின்கட்டுக் குழியில் சாம்பலாகிவிட்டது. கோழி காணாமல் போனது, வேலியை நகர்த்தியது, பக்கத்து வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றியது எல்லாம் அரசாங்கத்தின் நிரந்தரச் சொத்தாக அலமாரியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன.

ஒரு தேர்தல் வந்தது. ஓட்டுப்பெட்டி வைக்க இடம் வேண்டும், ரிக்கார்டு அறையைக் காலி செய் என்று தாசில்தார் உத்தரவு போட்டார். தமிழ்க் கட்டுகளை நான் படித்துச் சொல்ல வேண்டும், சூப்பிரண்டு சார் கேட்டு ஆயுளைத் திருத்தி நீலம் போட வேண்டும். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். ஒரு வாரத்தில் முடித்துவிட்டு நல்ல செக்ஷனுக்கு ஓடிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

எங்கே முடிய! மூன்றாவது கட்டில் ஓர் எருமை வந்தது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே நிலச்சொந்தக்காரரான ஒரு ஜென்மியின் தோப்பு மூலையில் குடிசை போட்டிருந்த ஓர் அம்மாளின் எருமை. அதை அடுத்து ஒருவருடைய கடலைக்காடு. எருமை காட்டுக்குள் இறங்கிவிட்டது என்று காட்டுக்காரர் மனு. எருமையின் வாலை அவர் வெட்டப் பார்த்தார் என்று அம்மாள் எதிர்மனு. எருமை கன்று போட்டது, கன்றும் கடலை தின்றது, அதற்குத் தனி மனு. நான் படிக்கப் படிக்க சூப்பிரண்டு சார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். சாயா ஆறி ஆடை கட்டிவிட்டது. நிறுத்தினால் "பின்னே எந்தாயி கொச்சே?" என்பார். அடுத்து என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த மனுவைத் தேட வேண்டும். வருஷ வாரியாகத் தேடிக் கோத்து வைத்தோம். ஒருநாள் நடு மனு ஒன்று கிடைக்காமல் மனிதர் மத்தியானச் சோறே சாப்பிடவில்லை.

தாசில்தார் வந்து பார்த்தார். அலமாரி நிறைந்தபடியே இருந்தது. "மாடு மேய்ந்ததுக்கு ஒரு வருஷம். இதெல்லாம் எரிந்து எத்தனையோ காலம் ஆகியிருக்க வேண்டும். நாளைக்குள் நீலம் போடாவிட்டால் மெமோ" என்றார். அன்று சாயங்காலம் சார் பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். நீல முனை புத்தம் புதிதாக மின்னியது. எருமைக் கட்டின் மேல் கொண்டுபோனவர், "கத முடிஞ்ஞில்லல்லோ" என்று முனகிவிட்டுக் கட்டை அப்படியே தன் மேசைக்கு அடியில் தள்ளினார். கதை முடியவில்லையாம்! எனக்கு எரிச்சலாக வந்தது. மெமோ வந்தால் என் பெயரும் அதில் இருக்கும் அல்லவா?

மறுநாள் காலையில் வராந்தாவில் ஒரே சத்தம், வயதான ஓர் அம்மாள் வந்திருந்தாள். குடிசைவாசிகளுக்கு அந்த மண்ணிலேயே பத்து சென்ட் உரிமை என்று சட்டம் வந்திருந்த காலம். சட்டத்துக்கு முன்பே அங்கே குடியிருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பஞ்சாயத்தின் பழைய வீட்டுக் கணக்கு ஆயுள் முடிந்து எப்போதோ போயாகிவிட்டது. அவள் குடியிருந்த நிலத்து ஜென்மியின் காரியஸ்தர், "நேற்று வந்து ஒட்டிக்கொண்டவள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தாட்சி காட்டாவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். அந்த அம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நேத்து வந்தவளாமுங்க! எம்பட கண்ணாலம் முடிஞ்ச வருசத்துலருந்து இதே ஊடுங்க. எம்பட எருமையக் கேளுங்க, அது சொல்லும்!"

சூப்பிரண்டு சார் நாற்காலி சாய எழுந்தார். "எருமையோ? ஏது எருமை? கடலைக்காட்டு எருமையோ?" என்று ஓடிப்போய் அந்த அம்மாளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கட்டவுட்டில் பார்த்த நட்சத்திரத்தை நேரில் பார்த்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. "வால் முறிஞ்ஞோ?" என்று, எருமை வால் அறுந்ததா என்பதைத்தான் முதலில் கேட்டார். அவள் பதிலுக்கு ஓவென்று அழுதுவிட்டாள். அப்புறம்தான் எங்களுக்கும் உறைத்தது, மேசைக்கு அடியில் கிடப்பது எருமைக் கதை இல்லை, அவள் வீடு என்று.

தாசில்தார் லேசில் மசியவில்லை. விதிப்படி இருக்கவே கூடாத ஃபைலை நில உரிமை விசாரணைக்கு எப்படி அத்தாட்சியாக அனுப்புவது என்றார். சார் கட்டைப் பிரித்து ஒவ்வொரு மனுவின் மூலையையும் காட்டினார். அத்தனை வருஷத்து அதிகாரிகளும் சிவப்பில் வரிசையாக "என்றைக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அப்போது தாசில்தாருக்கே மேலதிகாரிகள். அவர்கள் செய்தது தப்பு என்று எழுத தாசில்தாருக்கு என்ன, பைத்தியமா? அனுப்பு என்று கையெழுத்துப் போட்டார், அலமாரியைக் காலி செய்கிற பேச்சையும் அத்தோடு விட்டுவிட்டார்.

இன்னொரு முட்டுக்கட்டை இருந்தது. மனு எழுதியவரே வந்து கையெழுத்து தன்னுடையது என்று சொல்ல வேண்டும். காட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினோம். வெள்ளை வேட்டியும் தலையில் உருமாலும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "அந்தம்மாளுக்கு நான் சாட்சி சொல்லோணுமுங்களா? தலைய எடுத்தாலும் மாட்டனுங்க" என்றார். நான் மனுக்கட்டைத் திரும்பக் கட்டப் போனேன். அவரோ மடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். "ஆனா ஒரு கம்ப்ளைண்டு இருக்குதுங்க. இத்தன மனுக் குடுத்தும் சர்க்காரு ஒண்ணும் பண்டலைன்னு கம்ப்ளைண்டு. அந்த மனு அத்தனையும் எம்பட கையெழுத்துதானுங்க. வருசாவருசம் அதே குடிசை, அதே கட்டுத்தறி, அதே அழிம்பு. இல்லீன்னு எவன் சொல்றான்?" அந்தக் கம்ப்ளைண்டையே சாட்சியாகப் பதிவு செய்துகொண்டார்கள். அம்மாளுக்குப் பத்து சென்ட் கிடைத்தது. வெளியே போகும்போது காட்டுக்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. புது வேலியைப் பற்றி அவள் கொடுத்த முதல் மனு அடுத்த மாதமே வந்தது. சார் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

இப்போது யோசித்தால் தோன்றுகிறது. நான் இன்ன இடத்தில் சௌக்கியமாக இருக்கிறேன் என்று சர்க்காருக்கு யார் எழுதுவார்கள்? சண்டை வந்தால்தான் மனிதர்கள் எழுதுகிறார்கள். இருந்ததற்குச் சாட்சியாகக் கடைசியில் மிஞ்சுவது அந்தச் சண்டைதான். சட்டப் புத்தகமோ அதற்குத்தான் ஒரே வருஷம் ஆயுள் கொடுத்திருக்கிறது. சார் இதையெல்லாம் தெரிந்து செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்குக் கதை வேண்டும். ஆனாலும் ரிட்டையரான அன்றைக்கு இழுப்பறையைக் கவிழ்த்து அத்தனை நீலத் துண்டுகளையும் என் கையில் கொட்டி, "நினக்கு உபயோகம் வரும்" என்று அவர் சிரித்தபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

போன வாரம் பென்ஷன் விஷயமாக அதே ஆபீஸுக்குப் போனேன். ரிக்கார்டு அறையில் கம்ப்யூட்டர். ஒரு சின்னப் பெண் சூப்பிரண்டாக இருக்கிறாள், திருவல்லாக்காரி, இவளும் தெற்கத்தி. பழைய காகிதத்தையெல்லாம் படம் பிடித்து ஏற்றிவிட்டு அழித்தாகிவிட்டது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சுவரோரத்து அலமாரியைக் காட்டினாள். அது மட்டும் அப்படியே இருக்கிறதாம். தமிழ். ஏற்றுகிற பையனுக்கு என்ன பெயர் போடுவது என்று தெரியவில்லையாம். "அறியாத்தது எங்ஙனே களயும் மேடம்?" என்று கேட்டாள். தெரியாததை எப்படித் தூக்கிப் போடுவது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேலே கிடந்த கட்டை உருவி ஒரு மனுவைப் படித்துக் காட்டினேன். புது வேலியைத் தாண்டி எருமையின் பேத்தி கடலைக்காட்டில் இறங்கியிருந்தது. அந்தப் பெண் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "பின்னே எந்தாயி?" என்றாள்.

மீதியைப் படித்துக் காட்டத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். நீலம் வீட்டில் வேண்டிய மட்டும் இருக்கிறது. போகிற வழியில் சிவப்பு வாங்க வேண்டும்.