பேட்டரிப் பெட்டியில் ஓர் ஆண்

கனெக்டருக்கு ஆண், பெண் என்று முதலில் பெயர் வைத்தவன் யாரோ, அவன் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் ஆண், அதை வாங்கிக்கொள்ளும் துளை இருந்தால் பெண். படிக்கிற காலத்தில் நானும் சிரித்துவிட்டுப் போனவள்தான்.

தம்பி புன்னைக்காயலில் ஃபைபர் வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். எனக்குப் பிழைப்பே பேட்டரி வேலை. அவனுடைய வயர்லெஸ்ஸுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் ஒரு பேட்டரிப் பெட்டி செய்துகொடுத்தேன். கடல் காற்றில் பச்சைக் களிம்பு பூத்துவிடாத கனெக்டராக அலைந்து தேடினேன்: வெள்ளீயம் பூசிய செம்பு முனை, ரப்பர் வளையம், இறுக்கமான மூடி. பேட்டரிப் பக்கம் பெண்ணை வைத்தேன், வயர்லெஸ் பக்கம் ஆணை. கரண்ட் இருக்கிற பக்கத்தில் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரும்பு பட்டால் தீர்ந்தது. இது சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

தூத்துக்குடிக் கடைக்கார அண்ணாச்சிக்குப் புரியவில்லை. உபரியாக ஒரு மூடி வாங்கத் தம்பி பெட்டியோடு போயிருக்கிறான். அவர் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தாராம்.

"ஏலே, கரண்ட குடுக்கது எது? பேட்டரிதான? குடுக்கது ஆணு, வாங்குதது பொண்ணு. ஒங்க அக்கா மாத்தி வச்சிருக்கா."

கூட நின்றவர்களும் சிரித்திருக்கிறார்கள். இவனுக்கு மானம் போய்விட்டதாம். அங்கேயே இரண்டையும் வெட்டி இடம் மாற்றிக்கொண்டான். என்னிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த தடவை கடலில் வயர்லெஸ்ஸைக் கழற்றி வைத்திருந்தபோது, நங்கூரச் சங்கிலி பெட்டிமேல் சரிந்தது. நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பியிலும் அது பட்டுப் பொறி பறந்தது. சங்கிலியை இழுத்த தம்பியின் உள்ளங்கை வெந்துவிட்டது. நான் வைத்த ஃபியூஸ் மட்டும் இல்லையென்றால் வள்ளமே எரிந்திருக்கும். கரண்ட் இல்லாமல் வயர்லெஸ் போச்சு, ஜிபிஎஸ் போச்சு. மழை மூட்டத்தில் கரை தெரியாமல் சுற்றி, சாயங்காலம் வரவேண்டியவர்கள் மறுநாள்தான் வந்தார்கள். அதுவரை நாங்கள் கரையில் நின்ற நிலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வந்து இறங்கியவன் சொன்ன முதல் வார்த்தை: "யக்கா, ஒன் பெட்டி சரியில்ல."

பெட்டியைத் திறந்து பார்த்து, அவனைப் பிடித்துக் கேட்ட பிறகுதான் கடையில் நடந்த விஷயம் தெரிந்தது. வெந்த கை என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதே ஆத்திரத்தோடு பஸ் ஏறிக் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, பேட்டரிக்கு என்ன ஆம்பள பொம்பள? எந்தம்பி உசுரு போயிருக்கும், தெரியுமா?"

"சத்தம் போடாத தாயி. பொண்ணுன்னு சொன்னா வள்ளத்துக்காரன் எவனும் பேட்டரியில மாட்ட மாட்டேங்கான். நான் என்ன செய்ய?"

ஒரு வருத்தமும் இல்லை அந்த முகத்தில். திரும்பி வந்து தம்பி பெட்டியை நானே பழையபடி மாற்றினேன்.

கொஞ்ச நாள் கழித்து வேறு வழியில்லாமல் அதே கடைக்குப் போனேன். துளை வைத்த கனெக்டர் டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் 'ஆண் – பேட்டரிக்கு' என்று ஒட்டியிருந்தார். வள்ளத்துக்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்தெறியத்தான் கை போனது. ஆனால் கிழித்தால் நாளைக்கே எல்லா வள்ளத்திலும் பேட்டரியில் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்.

"என்ன தாயி வேணும்?" என்றார்.

"ஆணு ஆறு குடுங்க அண்ணாச்சி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.