ஸ்டுடியோ முக்கு

தேங்காய் எண்ணெயில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரிகிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்குக் கட்டிட பிளான்தான் ஞாபகம் வரும்...

கரமனையில் ஒரு பழைய வீட்டின் மாடி. அதுதான் எங்கள் டிசைன் ஸ்டுடியோ. மொத்தம் மூன்றே பேர். கோமதி அக்கா ஆர்க்கிடெக்ட், முதலாளியும் அவர்தான். திருநெல்வேலிக்காரர் சங்கர் அண்ணன் மழைநீர், காற்று, வெயில், கரண்ட் மிச்சம் எல்லாம் பார்ப்பார். நாகர்கோவிலிலிருந்து வந்த நான் லோகோ, பாக்கெட், போர்டு வரைகிறவள்.

இருந்தது ஒரே ஒரு பெரிய மேஜை. ஒரு ஓரத்தில் பொன்முடி ஹோம்ஸ்டேயின் பிளான், நடுவில் ஏதோ பள்ளிக்கூடத்து மழைநீர்த் தொட்டி, இந்தப் பக்கம் என்னுடைய சிப்ஸ் பாக்கெட். சாம்பிள் சிப்ஸைத் தின்றுகொண்டேதான் வேலை. ஒரு தடவை பிளானில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது. ஹோம்ஸ்டேக்காரர் அதில் விரலை வைத்து, இது கிணறா என்று கேட்டார். அக்கா அசரவே இல்லை, குளம் என்றார். அவருக்கு அது பிடித்துப்போய், கடைசியில் நிஜமாகவே அங்கே ஒரு குளம் வந்தது!

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மழை பார்க்கப் போவது.

யார் இடம் கொண்டுவந்தாலும் சரி, அங்கே ஒரு நல்ல மழையைப் பார்க்காமல் அக்கா ஒரு கோடு போடமாட்டார். மூன்று பேரும் குடையோடு போய் நிற்போம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பொன்முடியில் அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தம். மழைக்காகக் காத்திருக்கச் சொன்னதற்கு, இதென்ன கிறுக்கு என்று எழுந்து போன பார்ட்டிகளும் உண்டு. போகட்டும் என்பார் அக்கா.

அப்புறம் மாடியைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டார். மகனுக்குக் கல்யாணமாம். அடுத்த ஓணம் வரை டைம் கொடுத்தார்.

அக்கா கையிலிருந்ததையெல்லாம் போட்டு, திருமலை தாண்டி ஒரு சரிவில் கொஞ்சம் இடம் வாங்கினார். நல்ல வெயில் காலம். நாங்கள் மூவரும் அந்த மண்ணில் நடந்து நடந்து யாருக்கு எந்த ஜன்னல் என்றுகூடப் பேசி முடித்துவிட்டோம். எனக்குக் கிழக்கு ஜன்னல், பக்கத்தில் ஒரு பலாமரம்... ஊராருக்கெல்லாம் சொன்ன சட்டம் அந்த ஆசையில் எங்களுக்கே மறந்துபோனது. மழை பார்க்காமலே பிளான் தயார்.

போர்டு என் பொறுப்பு. கூத்தைக் கேளுங்கள், ஊரில் உள்ள கடைக்கெல்லாம் பெயர் வைத்த எங்களுக்குச் சொந்தமாக ஒரு பெயர் அமையவில்லை. ஆளுக்கொரு பெயர் சொல்வோம், மற்ற இரண்டு பேரும் சிரிப்போம். கடைசியில் வெறும் 'ஸ்டுடியோ' என்று மலையாளத்தில் பெரிதாக எழுதி, பெயர் எழுத மேலே இடம் விட்டு, ரோட்டு முக்கிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நட்டோம்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. பருப்புவடை பார்சல் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரிதான் போனோம்.

அரை மணி நேரம் ஆகியிருக்காது. மேல் ரோட்டுத் தண்ணீர் முழுக்க எங்கள் இடத்துக்குள் இறங்கியது. ஓரமாக இல்லை, நட்ட நடுவில். எனக்கென்று பேசி வைத்த ஜன்னலுக்குக் கீழே செம்மண் வெள்ளம் சுழித்துக்கொண்டு, கீழ் வீட்டு வேலியை ஒட்டி ஓடைக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டு அம்மா குடை பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கோபமெல்லாம் இல்லை.

“மோளே, நீங்க மதில் கெட்டினா இந்த வெள்ளம் எங்க போவும்?”

பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் வீட்டுக்குள் போகும்.

சங்கர் அண்ணன் அடியில் பெரிய குழாய் போட்டு மேலே கட்டலாமா என்று சொல்லிப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கே குரல் இறங்கிவிட்டது. அக்கா தண்ணீர் போகிற வழியிலேயே வேலி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார். எப்படியாவது கட்டுவோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாரா என்று என் மனசு கிடந்து தவித்தது. கட்டாவிட்டால் நாங்கள் இல்லை, அவ்வளவுதான்.

“வேற ஆரெங்கிலும் இந்த எடத்தக் காட்டியிருந்தா நாம என்ன சொல்லியிருப்போம் சங்கரா?”

“கெட்டாதீங்கன்னு சொல்லியிருப்போம்க்கா.”

அக்கா தலையாட்டினார். பார்சலைப் பிரித்து எங்களுக்கு ஆளுக்கொரு வடையும், அந்த அம்மாவுக்கு இரண்டும் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. தின்றோம்.

வேறு இடம் பிடிக்கக் கையில் ஒன்றுமில்லை. ஓணத்துக்கு முன்னால் மேஜையைக் கழற்றி இறக்கினோம். சங்கர் அண்ணன் மஸ்கட் போனார். அக்கா பெங்களூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடத்தை மட்டும் யார் கேட்டும் விற்கவில்லை, வாங்குகிறவன் மதில் கட்டிவிடுவானே.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நான் இப்போது கழக்கூட்டத்தில் ஒரு ஐடி கம்பெனியில், செல்போன் ஆப்களுக்கு பட்டன் வரைகிறேன். நல்ல வேலைதான், குறையொன்றுமில்லை. ஆனால் எங்கள் ஆபீஸ் கண்ணாடி திறக்காது. வெளியே மழை என்று ஹைவே டிராபிக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். மேஜை தனி, ஆள் தனி, கறை படுவதற்கு ஒரு காகிதம்கூட இல்லை... அக்காவோடும் அண்ணனோடும் இன்னும் ஒரே ஒரு மழை பார்த்தால் போதும் என்று இருக்கிறது.

போன மாதம் நல்ல மழையில் ஒரு ஆட்டோவில் அந்தப் பக்கம் போனேன். ஓட்டியவர் சின்னப் பையன்தான். திருமலை தாண்டியதும் திரும்பி, “சேச்சி, ஸ்டுடியோ முக்கில்தானே இறங்கணும்?” என்றான்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எந்த ஸ்டுடியோ என்று கேட்டேன். அது தெரியாது, தான் பிறந்து வளர்ந்த காலத்திலிருந்தே அந்த முக்குக்கு அதுதான் பெயர் என்றான்.

போர்டு என்றைக்கோ விழுந்திருக்க வேண்டும், காணோம். தண்ணீர் மட்டும் அதே வழியில், நட்ட நடுவில், சுழித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

நான் இறங்க வேண்டிய இடம் இன்னும் தள்ளி. ஆனாலும், “ஆமா தம்பி, இங்கதான்” என்று சொல்லிக் குடையை விரித்தேன்.