தடை வராமல் காத்தருளும் என்று நான் கேட்ட ஜெபம்

என் அம்மா மட்டக்களப்பில் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தபோது, நான் டென்மார்க்கில், ஓல்போர்க் நகரத்தில் உட்கார்ந்து, என் படிப்புக்கு எந்தத் தடையும் வராததற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் எங்கள் சபையின் சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் போதகர், "சிஸ்டர், பாஸாகிட்டியள்தானே, ஒரு சாட்சி சொல்லுங்கோ" என்று கேட்டபோது, பாஸானதை மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார என்னால் முடியவில்லை. அன்று அழுதுகொண்டு சொன்னதைத்தான் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

ஊரில் நான் விஞ்ஞானப் பட்டதாரி. கலியாணம் முடித்து டென்மார்க் வந்தபின் அந்தப் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. பல வருடங்கள் முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்தேன். பிறகுதான், ஏற்கெனவே பட்டம் வைத்திருப்பவர்களைக் குறுகிய காலத்தில் தாதியாக்கும் ஒரு படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு, விண்ணப்பித்தேன். இடம் கிடைத்தது. மற்றவர்கள் மூன்றரை வருடம் நடக்கிற தூரத்தை நாங்கள் ஓடிக் கடக்க வேண்டும். அதுவும் டேனிஷ் மொழியில். ஒரு கிழமை வராமல் விட்டால் எல்லாம் போச்சு என்று மாணவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. அது உண்மையா என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்படியே நம்பிவிட்டேன்.

படிப்புத் தொடங்கும் நாளில் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு சட்டம் போட்டேன். ஊரில் இருக்கும் தம்பியையும் போனில் எடுத்துச் சொன்னேன். "சோதினை முடியுமட்டும் எனக்கு ஒரு பிரச்சினையும் சொல்லப்படாது. செத்த வீடெண்டாலும் பிறகு சொல்லுங்க."

அந்தக் கடைசி வார்த்தையை விளையாட்டாகத்தான் சொன்னேன். நம் சனத்துக்கு அது விளையாட்டில்லை. படிக்கிற பிள்ளையின் மனம் குழம்பக் கூடாது என்று தகப்பனின் சாவையே மறைத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் என் சொல்லைக் காப்பாற்றினார்கள். நானும் தினமும் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, ஒரு தடையும் வராமல் காத்தருளும்" என்று ஜெபித்தேன். ஒரு தடையும் வரவில்லை.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். அவருடைய கதைக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஒரு ஞாயிறு, அடுத்த நாள் பரீட்சை. அம்மா, "புள்ள, உன்னட்ட ஒண்டு சொல்ல வேணும்" என்று தொடங்கினார். நான், "அம்மா, இப்ப வைக்கிறன், சோதினை முடிய ஆறுதலாக் கதைப்பம்" என்று வைத்துவிட்டேன். அம்மா வாய்நிறையக் கதைத்து நான் கேட்டது அன்றுதான் கடைசி. என்ன சொல்ல வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அழைப்புகள் நின்றுவிட்டன. அம்மாவுக்குத் தடிமல், தொண்டை கட்டியிருக்கிறது, போனில் கமெரா பழுது என்று தம்பி ஏதேதோ சொன்னான். இடைக்கிடை அம்மாவின் குரலைப் பதிந்து அனுப்புவான். "ஓம் புள்ள, சுகமா இருக்கன்." அவ்வளவுதான். அம்மா கதையைச் சுருக்கியதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. படிக்க நேரம் கிடைத்ததே!

மாசி மாதம் ஆஸ்பத்திரியில் நரம்பியல் வாட்டில் எனக்குச் செயல்முறைப் பயிற்சி. ஒரு காலை, பாரிசவாதம் வந்த ஒரு டேனிஷ் மூதாட்டிக்கு முகம் கழுவினேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். வாய்க்குள் சோற்றுக் கவளத்தை வைத்துக்கொண்டு கதைப்பதுபோல் அந்தச் சொல் வந்தது. இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். தமிழில் கேட்டிருக்கிறேன்.

துணி அடுக்கும் அறைக்குள் போய், தம்பி அனுப்பிய குரல் பதிவைத் திரும்பக் கேட்டேன். தடிமலும் இல்லை, தொண்டைக்கட்டும் இல்லை. உடனே தம்பியைப் போனில் எடுத்தேன்.

"அம்மாவுக்கு ஸ்ட்ரோக்கா?"

அவன் அழத் தொடங்கினான். "நீங்கதானேக்கா ஒண்டும் சொல்ல வேணாமெண்டு சொன்னீங்க. அத்தானும் அதைத்தான் சொன்னார்."

என் கணவருக்குத் தெரியும். ஜெபக் கூட்டத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் அம்மாவுக்காக உபவாசம்கூட இருந்திருக்கிறார்கள். நான் யார்மேல் கோபப்படுவது? சட்டம் போட்டவள் நான். அந்த அறையில் சலவைத் துணிகளுக்கு நடுவில் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, படிப்பு போனால் போகட்டும். நான் போகும்வரை அம்மாவை வைத்திரும்" என்று மட்டும் கேட்டேன். அந்தப் படிப்பு தொடங்கிய பிறகு நான் உண்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான்.

பிறகு எங்கள் பயிற்சிப் பொறுப்பாளரான கிர்ஸ்டனிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "நீ ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய்?" கல்லூரியிலும் அன்றே பேசினார். விட்ட பயிற்சியை அடுத்த பிரிவோடு சேர்ந்து செய்யலாமாம். அப்படி ஒரு வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! பட்டதாரிக்கு வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா உயிரோடு இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. தம்பியின் மனைவி பாவம், அம்மாவுக்கு நோகும் என்று அசையவிடாமல் அன்பாகப் படுக்க வைத்திருந்தாள். குதிக்காலிலும் இடுப்பிலும் படுக்கைப்புண். வலது கைவிரல்கள் மடங்கி இறுகிவிட்டன. நான் அம்மாவைக் கழுவித் துடைத்தேன். பக்கம் மாற்றிப் படுக்க வைத்தேன். புரையேறாத பதத்தில் கஞ்சி தடிப்பாக்கிப் பருக்கினேன். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தேன். நான் டென்மார்க்குக்குத் திரும்பும் நேரத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்தார். இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார். கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பேச்சு வரவில்லை. ஒன்றிரண்டு சொல்தான். கையும் பழையபடி ஆகாது. முதல் கிழமைகளிலேயே பயிற்சி கொடுத்திருந்தால் இன்னும் எவ்வளவோ மீண்டிருக்கும். இதை ஒரு டாக்டரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. நான் படித்ததே அதைத்தானே. அம்மா விழுந்து கிடந்த அந்தக் கிழமைகளில் நான் அந்தப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தேன்.

பிந்திய பிரிவோடு படிப்பை முடித்தேன். இப்போது தாதியாக வேலை செய்கிறேன். என் கணவர் ஒருநாள், "நீர் என்னை மன்னிச்சிட்டீரோ?" என்று கேட்டார். மன்னிக்க என்ன இருக்கிறது என்றேன். நாங்கள் இருவரும் அன்று நெடுநேரம் அழுதோம். வாட்டில் யாராவது, "மகளுக்குச் சொல்லாதேங்கோ, அவள் படிக்கிறாள்" என்று தமிழில் சொன்னால், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கதையைச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் கேட்பதில்லை.

ஆண்டவர் என் படிப்பையும் கைவிடவில்லை, என் அம்மாவையும் கைவிடவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் அவரால் பார்க்க முடியும் என்று நினைத்தவள் நான்தான். அவரை நம்புங்கள், சகோதரங்களே. வீட்டில் நடப்பதை உங்கள் பிள்ளைகளுக்கு மறைத்துவிட்டு ஜெபிக்காதீர்கள். உள்ளதைச் சொல்லிவிட்டு, அவர்களையும் பக்கத்தில் முழங்காலில் நிற்க விடுங்கள்.