பஸ் நிழலில் வளர்ந்த குட்டிகள்

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் ஒரு கம்பெனி பஸ் நிற்கும். ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ். காலை ஷிப்டுக்காரர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால், மதிய ஷிப்டுக்காரர்கள் ஏறும்வரை அங்கேதான். மரம் இல்லாத மனை என்பதால் தெருப் பூனைகளுக்கு அதன் அடிதான் நிழல்.

வண்டியை எடுக்குமுன் டிரைவர் தவறாமல் ஒரு காரியம் செய்வார். பஸ்ஸின் பக்கத் தகட்டில் சாவிக்கொத்தால் ஓங்கித் தட்டுவார். சக்கரங்களுக்கு நடுவே படுத்திருக்கும் பூனைகள் ஓடிவந்து எங்கள் காம்பவுண்டுச் சுவரில் ஏறிக்கொள்ளும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்.

எந்த நிகழ்ச்சியையும் நாளோடு நினைவில் வைப்பது என் பழக்கம். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குத் தேதியைவிடச் சர்ச் காலண்டர் நன்றாக நினைவில் நிற்கும். அந்த வருஷம், ஈஸ்டருக்கு ஒன்றரை மாதம் முன்னால் வரும் சாம்பல் புதனையொட்டி ஒரு மஞ்சள் பூனை எங்கள் மாடிப்படிக்கு அடியில் மூன்று குட்டி போட்டது. அவை கண் திறந்த சில நாளில் இடம் மாற்றியது. இரண்டைக் கவ்விக்கொண்டு போனது. மூன்றாவதற்குத் திரும்பி வரவில்லை.

மாடியறையில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பக்கத்து இளைஞன் அதை எடுத்துக்கொண்டான். அந்த பஸ்ஸில்தான் அவனும் வேலைக்குப் போவான். இங்க் பில்லரில் பால் புகட்டினான். குட்டி நடக்கத் தொடங்கியதும், சாப்பாட்டு நேரத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் கரண்டியால் தட்டுவான். எங்கே இருந்தாலும் வால் நிமிர்த்தி ஓடிவரும். "பாத்தியளா டீச்சர், எம்புட்டு விவரம்!" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவான்.

மற்ற இரண்டும் தாயோடு பஸ்ஸடிக்கு வரத் தொடங்கியது ஈஸ்டருக்குப் பிறகு. ஜன்னலிலிருந்து கவனித்தேன். டிரைவர் தட்டியபோது முதலில் அவை அசையவே இல்லை. தாய் பாய்ந்தது, அதைப் பார்த்துத்தான் பாய்ந்தன. சில நாளில் தாய் இல்லாத வேளையிலும், தட்டியதும் சுவருக்கு ஓடின. தாய் செய்வதைப் பார்த்தே குட்டிகள் கற்கும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாய் எதையும் கற்பித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது தன் உயிருக்கு ஓடியது. அவ்வளவுதான்.

கத்திரி வெயில் வந்தது. மாடியறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. குட்டியை உள்ளே வைத்துப் பூட்ட முடியாது. வேலைக்குப் போகும்போது வெளியே விட்டான். அன்று மதியம் டிரைவர் தகட்டில் தட்டினார். தாயும் இரண்டு குட்டிகளும் சுவருக்கு ஓடிவந்தன. மாடிக்குட்டி மட்டும் எதிர்த்திசையில், வாலை நிமிர்த்திக்கொண்டு, நேரே பஸ்ஸுக்கு அடியில் ஓடியது. அதற்கு அது சோற்றுக்கான அழைப்பு.

"நிறுத்துப்பா!" என்று ஜன்னலிலிருந்து கத்தினேன்.

பஸ் ஏற வந்த மாடியறை இளைஞன் யூனிபார்மோடு மண்ணில் படுத்து, முன்சக்கரத்தின் பக்கத்திலிருந்து அதை இழுத்தெடுத்தான். பஸ்ஸுக்குள்ளிருந்து சிரிப்பு. "எலேய், உம்புள்ளைக்கும் சேத்து அட்டெண்டன்ஸ் பஞ்ச் போட்டுரு!" என்றான் கூட வேலை பார்ப்பவன் ஒருவன்.

டிரைவர் சிரிக்கவில்லை. "இன்னா தம்பி, சாவறதுக்கா வளக்குற? இந்தப் பக்கம் ஓடியாந்துகினு கீது."

"நீங்க தட்டாம எடுங்கண்ணே. ஹாரன் அடிங்க."

"ஹாரன் நாளெல்லாம் ரோட்ல கேக்குது, அதுக்கு எந்தப் பூனை ஏந்திரிக்கும்? நான் தட்டலன்னா மத்ததுங்க செத்துரும். நீ கிண்ணத்த தட்டறத வுடு."

அதற்குள் வெளியே வந்துவிட்ட என் கையில் குட்டியைக் கொடுத்துவிட்டு அவன் ஏறிக்கொண்டான்.

மறுநாள் முதல் கிண்ணத்தில் சத்தம் இல்லை. சோற்றைச் சுவரடியில், மற்றப் பூனைகள் வரும் இடத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவான். தாய் முதலில் சீறியது. முகத்தில் அறைந்தும் விரட்டியது. குட்டி தள்ளி உட்கார்ந்து, அவை தின்று முடித்த பிறகு தின்றது. அந்த நாட்களில் பஸ் கிளம்பும் நேரத்துக்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்வது என் பொறுப்பு. என் மடியிலிருந்தபடி அது மற்றவை ஓடுவதைப் பார்க்கும். தட்டும் சத்தத்துக்கு அதன் உடம்பு முன்னால் துள்ளும், அழுத்திப் பிடிப்பேன். பிறகு துள்ளல் குறைந்தது. தாயின் சீறலும் குறைந்தது. ஒரு பகலில் நான்கும் ஒன்றாக பஸ்ஸடியில் படுத்திருக்கக் கண்டேன்.

ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறு கழிந்த வாரம் ஒரு நாள் நான் போய்ப் பிடிப்பதற்குள் டிரைவர் தட்டிவிட்டார். தாய் பாய்ந்தது, பின்னால் இரண்டும். மாடிக்குட்டி எழுந்து தகட்டின் பக்கம் இரண்டடி வைத்தது. நின்றது. திரும்பி, ஓடுகிறவற்றைப் பார்த்தது. பிறகு அதுவும் ஓடிவந்து சுவரில் ஏறி, தாயின் பக்கத்தில் போய் நின்றது.

"அப்பாடா, புள்ள பாஸாயிடுச்சு டீச்சர்!" என்றார் டிரைவர்.

அடுத்த வார விடுமுறையன்று அந்த இளைஞன் மீன் வறுத்திருந்தான். படியிறங்கி வந்து, நான் நிற்பதைப் பார்த்துச் சற்றுக் கூச்சத்தோடு, "ஒரு தடவ மட்டும் பாக்கேன்" என்று கிண்ணத்தில் கரண்டியால் மெதுவாகத் தட்டினான்.

சுவரில் படுத்திருந்த குட்டி தலையைத் தூக்கியது. அவனைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தது. தட்டிய சத்தத்துக்கே தாய் அதற்குள் மறுபுறம் குதித்திருந்தது. குட்டியும் குதித்தது.

"நல்லதுதாம்" என்றான். மீனை முள் நீக்கிப் பிசைந்து, கிண்ணத்தைச் சத்தம் வராமல் சுவரடியில் வைத்துவிட்டு, கரண்டியோடு படியேறிப் போனான்.