பதினோரு அங்குல லேப்டாப்பில் அக்காவின் வாக்கியங்கள்

வலது கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை என்ற நிலை வந்தபோதுதான் டாக்டரிடம் போனேன். அவர் என் தோளைத் தொடுவதற்கு முன்னால் என் பையைத் தூக்கிப் பார்த்தார். "இதுல இன்னாம்மா வச்சிருக்க, அம்மிக்கல்லா?" என்றார். ஆபீஸ் கொடுத்த பெரிய லேப்டாப், அதன் சார்ஜர், ஹெல்மெட், சேஃப்டி ஷூ. இதையெல்லாம் தூக்கிக்கொண்டுதான் வாரத்தில் ஐந்து நாள் தாம்பரத்தில் ரயில் ஏறிக்கொண்டிருந்தேன்.

என் வேலை தொழிற்சாலைகளுக்குப் போய்த் தீப்பாதுகாப்பைச் சோதிப்பது. தீயணைப்பான் காலாவதி ஆகியிருக்கிறதா, அவசர வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா, ஆபத்து நேரத்தில் தொழிலாளிகள் எங்கே கூட வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் ஒன்று. உள்ளே வேலை செய்கிறவர்கள் படிக்கத் தமிழில் ஒரு பக்கம். எங்கள் நிறுவனம் சின்னது, மேற்கு தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தை மட்டும் நான் டைப் செய்ததில்லை. நோட்டில் கிறுக்கிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுப்பேன். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. எங்கள் ஆபீஸில் டைப்பிங்குக்கு இருந்தவள். பொழிச்சலூரிலிருந்து வருவாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பம்மலில் டி.டி.பி. கடை ஒன்றில் பதினைந்து வருஷம் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடித்தவள். நான் ரயிலில் நின்றுகொண்டே எழுதிய எழுத்தை, எனக்கே புரியாததை, அவள் படிப்பாள். ரமலான் மாதத்தில் நான் அவள் எதிரில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், "குடி, நீ நோன்பு இல்லியே" என்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே நான் அவளுக்கு 'நீ'தான்.

பெரிய லேப்டாப்பை விட்டுவிடு என்று டாக்டர் சொன்ன அன்றே வீட்டில் தேடினேன். கொரோனா சமயத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய பதினோரு அங்குலக் குட்டி லேப்டாப் அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கைப்பையில் அடங்கும். ஆனால் அதைத் திறந்தால் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நினைவகம் இரண்டே ஜி.பி. உள்ளே இருந்த இடம் முழுவதையும் சிஸ்டமே அடைத்துக்கொண்டு, இன்னும் இடம் கொடு என்று கேட்டது. ஒரு தொழிற்சாலை வாசலில் அதைத் திறந்து வைத்தேன். நான் உள்ளே போய்ப் பாதிச் சோதனையை முடித்து வந்தபோதும் அது தயாராகவில்லை.

என் கணவர், "தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கு" என்றார். எனக்கு ஏனோ பிடிவாதம் வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரில் ஓடுகிற இலேசான லினக்ஸ் சிஸ்டங்கள் நிறைய இருக்கின்றன, பென் டிரைவில் போட்டு இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்று படித்தேன். கெமிஸ்ட்ரி படித்தவள் நான். கம்ப்யூட்டர் தெரியாது. தெரியாததை யாரையும் கேட்காமல் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை நாற்பத்தாறு வயதில் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் மேஜையில்தான் எல்லாம் நடந்தது. முதலில் போட்டது ரொம்ப இலேசு, சட்டென்று திறந்தது. ஆனால் வைஃபை வரவில்லை. நான் மூன்று நாள் மல்லுக்கட்டிவிட்டு விட்டேன். இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. அக்கா அதில் 'கொதிகலன்' என்று அடித்தாள். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வைத்த வட்டம் என்று உடைந்து வந்தது.

"எழுத்து ஒடையுது பாரு. இது வேணாம்" என்றாள்.

"ஃபான்ட் மாத்தினா சரியாகும்க்கா."

"மாத்துவ. அப்புறம் பிரிண்ட்ல ஒடையும். பத்திரிகையில மாப்பிள்ளை பேரு ஒடைஞ்சு போய், நான் வாங்கின பாட்டு உனக்குத் தெரியாது."

மூன்றாவது ஒன்று. பார்வைக்கு ஒன்றுமில்லை. சாம்பல் நிறத் திரை, கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். ஆனால் மூடியைச் சாத்தினால் தூங்கியது, திறந்தால் உடனே விழித்தது. பேட்டரி சிங்கப்பெருமாள் கோவில் போய்த் திரும்பி வரும்வரை தாங்கியது. அக்கா அதில் உட்கார்ந்து ஔவில் தொடங்கி ஸ்ரீ வரைக்கும், தமிழில் கஷ்டமான எழுத்து எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தாள். ஒன்றும் உடையவில்லை. "இதைப் போடு" என்றாள். அன்று சாயங்காலமே பழையதை அழித்துவிட்டு அதைப் போட்டேன். அந்தச் சாம்பல் திரை வந்து நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம், மகள் பிளஸ் டூ பாஸ் ஆனபோதுகூட வந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது.

ஒரு கஷ்டம் மிச்சமிருந்தது. எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியாது. ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்து அம்மாவை வரவழைக்கிற ஆள் நான். ஒரு பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். அறிக்கை எழுதும் மென்பொருளில் எழுத்துப் பிழையைத் தானாகத் திருத்துகிற வசதி ஒன்று உண்டல்லவா? அதை ஏமாற்றலாம் என்றாள். இந்த மூன்று எழுத்தும் பிழை, அதற்குச் சரியான வடிவம் இந்த முழு வாக்கியம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், மூன்று எழுத்து அடித்ததும் முழு வாக்கியமும் வந்துவிடும். டி.டி.பி. கடையில், 'தங்கள் சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்பதை அப்படித்தான் அடிப்பாளாம்.

மூன்று வாரம் அவள் மதியச் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டு என் குட்டி லேப்டாப்பில் உட்கார்ந்தாள். 'இந்தத் தீயணைப்பானின் காலம் முடிந்துவிட்டது, தொட வேண்டாம், மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.' 'இந்த வழியில் பொருள் வைக்காதீர்கள், ஓடும்போது உங்கள் காலில்தான் தட்டும்.' நூற்றுக்கு மேல் இருக்கும். என் நோட்டிலிருந்து நான் எழுதியதை அப்படியே எடுக்கவில்லை. தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி அவளே திருத்தி எழுதினாள்.

"எதுக்குக்கா இவ்ளோ கஷ்டம்?" என்று கேட்டேன்.

"தோள் வலியோட நீ இங்க வந்து நோட்டைக் குடுத்துட்டு, மறுபடி இரும்புலியூர்ல உன் வீட்டுக்குப் போற. ரயில்லியே முடிச்சுட்டு நேரா வீட்டுக்குப் போ."

அப்படியே நடந்தது. பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கூடுவாஞ்சேரி வருவதற்குள் தமிழ்ப் பக்கம் முடிந்துவிடும். ஊரப்பாக்கத்தில் அனுப்பிவிடுவேன். இரண்டு மாதத்தில் மேனேஜர் கவனித்துவிட்டார். உங்கள் அறிக்கை மட்டும் அன்றைக்கே வருகிறது, எப்படி மேடம் என்று கேட்டார். காட்டினேன். சிஸ்டத்தைக் காட்டினேன், வாக்கியங்களையும் காட்டினேன். இவற்றை அக்கா எழுதினாள் என்று சொன்னேனா என்பதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ஸ்டோர் ரூம்ல பழைய குட்டி லேப்டாப் நாலு கெடக்குதே, அதுலயும் இதைப் போட முடியுமா?"

"ஈஸியா போடலாம் சார்."

"அப்போ ஆபீஸ்ல டைப்பிங் வேலை எவ்ளோ கொறையும்?"

இந்த இடத்தை நான் மழுப்பக் கூடாது. அவர் ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று வெகுநாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், என் கணவரிடமும் சொன்னேன். ஆனால் புரிந்தது. புரிந்தும், சரியாகச் சொல்ல வேண்டும் என்கிற புத்திசாலியின் அவசரத்தில், "முக்கால்வாசி குறைஞ்சிடும் சார்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை மற்ற நான்கு இன்ஸ்பெக்டர்களையும் உட்காரவைத்து நான் பாடம் நடத்தினேன். புரொஜெக்டர் போட்டேன். எந்த சிஸ்டம், ஏன் இது, மற்ற இரண்டும் ஏன் சரிப்படவில்லை என்றெல்லாம் விளக்கினேன். "இனிமே யாரும் டைப்பிங்குக்காக ஆபீஸ் வரவே தேவையில்ல" என்று முடித்தேன். கை தட்டினார்கள். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான்கு லேப்டாப்பிலும் அந்த வாக்கியங்களை ஏற்றித் தந்தவளும் அவள்தான். நான்தான் கேட்டேன்.

மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். நான் அன்று மறைமலை நகரில் ஒரு பெயின்ட் கிடங்கில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவள் மேஜை துடைத்து வைத்திருந்தது. மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சார், அக்காவை ஏன்..."

"மேடம், நீங்கதானே சொன்னீங்க முக்கால்வாசி கொறையும்னு? மிச்சம் கால்வாசியை ரிசப்ஷன்ல பாத்துப்பாங்க." அவர் குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நான் தந்த விவரத்தை என்னிடமே திருப்பித் தருகிறவர் மாதிரி பேசினார். பிறகு, "உங்களை டீம் லீட் ஆக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றி சார் என்றேன். அந்த 'நன்றி சார்' என் வாயிலிருந்து வந்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அக்காவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அப்படியே பொழிச்சலூருக்குப் போனேன். கதவைத் திறந்தவள் சிரித்தாள். "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

வாங்க. ஒன்பது வருஷத்தில் அவள் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றேன். "உக்காருங்க. டீ சாப்பிடுவீங்கல்ல?" என்று உள்ளே போனாள். தலைக்கு மேல் விமானம் ஒன்று தாழ்வாக இறங்கியது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பேச வேண்டியதில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

டீயும் பிஸ்கட்டும் வைத்தாள். மகளின் காலேஜ் பற்றிக் கேட்டாள், தோள் வலி பற்றிக் கேட்டாள். எல்லாம் 'நீங்க', 'உங்க'. கடைசியில் நானே ஆரம்பித்தேன்.

"அக்கா, இப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதுக்கா."

அவள் என்னையே பார்த்தாள். "தெரியாதா?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மேனேஜர் சொன்னாரு. எவ்ளோ கொறையும்னு உங்ககிட்ட முன்னாடியே கேட்டாராம். நீங்க கணக்கா சொன்னீங்களாம்." டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். "அதுக்கப்புறம்தானே மத்த நாலுலயும் ஏத்தித் தரச் சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ செஞ்சிருக்க மாட்டல்ல?" என்று கேட்டேன். கேட்டவுடனே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்துவிட்டது.

"செஞ்சிருப்பேன்" என்றாள். "மேனேஜர் சொன்னா செஞ்சுதானே ஆகணும். ஆனா தெரிஞ்சு செஞ்சிருப்பேன். சனிக்கிழமை அவங்க கை தட்டினப்போ, நானும் சேர்ந்து தட்டினேங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "பாத்துப் போங்க" என்றாள். பஸ் ஸ்டாப்பில் நின்று அழலாம் என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. அழுதிருந்தால் என்னை நானே மன்னித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறிக்கை சீக்கிரம் முடிகிறது என்பதால், ஒரு நாளைக்கு இரண்டு தொழிற்சாலை என்பது மூன்றாகிவிட்டது. டீம் லீட் என்பதால் நான்தான் அந்தப் பட்டியலைப் போட வேண்டும். மற்ற நால்வரும் என்னைத் திட்டுகிறார்கள், நேரில் இல்லை. வாக்கியங்களை அழித்துவிட்டு நானே புதிதாக எழுதலாம் என்று ஒரு நாள் உட்கார்ந்தேன். பத்து எழுதினேன். எல்லாம் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தன. விட்டுவிட்டேன்.

போன மாதம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், தமிழ் நன்றாகத் தெரிந்த டைப்பிஸ்ட் வேண்டும் என்று அங்கிருந்த அதிகாரி பேச்சுவாக்கில் சொன்னார். இளவயதுக்காரர், மரியாதையானவர். கம்பெனி பஸ் பல்லாவரம்வரை வரும் என்றார். நான் அக்காவின் நம்பரைக் கொடுத்தேன். இவங்களைப் போல இன்னொருத்தர் கிடைக்க மாட்டாங்க சார் என்று சொன்னேன். அன்றைக்குத் திரும்பும்போது பல மாதங்களுக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நேற்று அதே இடத்துக்கு மறுசோதனைக்குப் போயிருந்தேன். அந்த அதிகாரியைக் கேட்டேன்.

"போன் பண்ணேன் மேடம். மொதல்ல ரொம்ப ஆர்வமாதான் பேசினாங்க. பஸ் டைமெல்லாம் கேட்டாங்க. யாரு நம்பர் குடுத்தாங்கன்னு கேட்டாங்க, உங்க பேரைச் சொன்னேன். அப்புறம் வேணாங்கன்னுட்டாங்க." ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். "வேற யாராவது இருக்காங்களா மேடம்?"

"இல்ல சார்" என்றேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாய்லர் பக்கம் நடந்தேன்.